பணகுடிப் பக்கம் ஒரு பள்ளியின் பேப்பர் பலூன்: ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வள்ளியூருக்கும் பணகுடிக்கும் நடுவே, நான்குவழிச் சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஊரின் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது இது. அங்கே ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு நான் அறிவியல் ஆசிரியர். பள்ளியின் பெயரும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் இதில் இல்லை. நடந்ததையும் அளந்ததையும் அப்படியே எழுதுகிறேன். பேப்பர் பலூன் செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் எங்கள் தவறிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கு நடுவே நெருக்கப்பட்டு, முப்பந்தல், காவல்கிணறு, பழவூர் வழியாக வேகமெடுத்து இந்தப் பக்கம் இறங்குகிறது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் வாழைத்தார் வைத்திருப்பவர்கள் தூங்க மாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஆகஸ்ட் மாதம், அதுவும் காலை பத்தரை மணிக்கு, பேப்பர் பலூன் பறக்கவிட முடிவெடுத்தோம். அந்த முடிவில் எனக்கும் பங்கு உண்டு.

பொள்ளாச்சியில் ஜனவரி மாதம் நடக்கும் பலூன் திருவிழாவின் வீடியோவை மாணவர்கள் போனில் பார்த்திருந்தார்கள். சுதந்திர தின விழாவில் மூவர்ண பலூன் ஒன்றை விட வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பு கேட்டது. தலைமையாசிரியை சம்மதித்தார். கொடியேற்றம், பேச்சு, பரிசளிப்பு முடிந்து பலூன் என்று நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது.

ஆகஸ்ட் 15 அன்று நடந்தது

பலூனின் குறுக்களவு 90 செ.மீ. நோட்டுக் கடையில் கிடைத்த கலர் பேப்பர், மைதாப் பசை, அடியில் கம்பி வளையம். வளையத்தின் நடுவே ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. கடைகளில் விற்கும் வான விளக்கின் அமைப்பைப் பார்த்துச் செய்தது. அழகுக்காக இரண்டு ஓரத்திலும் குஞ்சம் தொங்கவிட்டிருந்தார்கள்.

மூன்று முறை பற்றவைத்தோம். முதல் இரண்டு முறையும் பலூன் உப்பியது, ஆனால் எழும்பவில்லை. மூன்றாம் முறை பஞ்சைக் கூடுதலாக வைத்தோம். மைதானத்தில் மண்ணைச் சுருட்டிக்கொண்டு ஒரு சுழல்காற்று வந்தது. பலூன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தீ பேப்பரைத் தொட்டது. நான்கைந்து நொடிகளில் முழுதும் எரிந்தது. எரிந்த துண்டு ஒன்று சுற்றுச்சுவரைத் தாண்டிப் போய், அடுத்த வீட்டு வைக்கோல் படப்புக்குப் பத்தடி தள்ளி விழுந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஓடி வந்து காலாலேயே மிதித்து அணைத்தார். யாருக்கும் காயமில்லை.

பள்ளிக்கு வந்து அவர் சத்தம் போடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், இந்தக் காத்துல படப்பு பத்தியிருந்தா மேலத்தெருவே மிஞ்சியிருக்காது, பாத்துக்கிடுங்க. தீயைக் கீழ வச்சுக்கிட்டு என்ன வேணாலும் பண்ணுங்க. மேல மட்டும் அனுப்பாதிய.”

பிறகு நாங்கள் எடுத்த முடிவுகளில் முக்கியமானது இந்தப் பேச்சிலிருந்து வந்தது.

விசாரணையும் ஒரு கேள்வியும்

தலைமையாசிரியை பலூன் வேலையை நிறுத்தச் சொன்னார். நியாயம்தான். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். பையன்கள் ஸ்பிரிட்டை அதிகம் ஊற்றியதுதான் காரணம் என்று ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஊற்றச் சொன்னதும் பக்கத்தில் நின்றதும் நான்.

ஒரு மாதம் கழித்து ஒரு மாணவி கேட்ட கேள்வியால்தான் விஷயம் மறுபடி திறந்தது. “சார், பொகைதான தூக்குது? பஞ்சுல நல்லா பொகை வந்துச்சே, பொறவு ஏன் மொத ரெண்டு தடவை எந்திரிக்கல?”

இந்தத் தப்பெண்ணத்துக்கு வயது அதிகம். பிரான்ஸின் அனோனே ஊரில் காகித ஆலை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த மோன்கோல்ஃபியே சகோதரர்கள் 1783 ஜூன் 4 அன்று தங்கள் பலூனை ஊர் முன்னால் பறக்கவிட்டார்கள். துணியின் உட்புறம் காகிதம் ஒட்டிய பலூன் அது. தூக்குவது புகையில் இருக்கும் ஏதோ ஒரு வாயு என்று அவர்களே நம்பினார்கள். புகை நன்றாக வரட்டும் என்று வைக்கோலோடு கம்பளியும் போட்டு எரித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிஸில் இரண்டு பேர் முதன்முறையாகக் கட்டில்லாமல் பறந்தபோதும் காரணம் சரியாகத் தெரிந்திருக்கவில்லை. காரணம் தெரியாமலும் பறக்கலாம். ஆனால் பறக்காதபோது ஏன் என்று சொல்ல முடியாது. எங்கள் நிலை அதுதான்.

தீயில்லாமல், ஆய்வகத்துக்குள் மட்டும் என்ற நிபந்தனையோடு தலைமையாசிரியை அனுமதி தந்தார்.

ஆய்வகத்தில் பார்த்தவை

விளக்குமாற்றுக் குச்சியின் இரண்டு முனையிலும் இரண்டு மளிகைக் கடைக் காகிதப் பைகளைத் தலைகீழாகக் கட்டி, நடுவில் நூல் போட்டுத் தொங்கவிட்டோம். தராசு சமமாக நின்றது. ஒரு பைக்குக் கீழே, அரை மீட்டர் தள்ளி, கரண்ட் அடுப்பை வைத்தோம். புகையே இல்லை. பை மேலே போனது. அடுப்பை எடுத்துவிட்டு, ஊதுபத்திப் புகையை ஒரு பாத்திரத்தில் பிடித்து, ஆறவிட்டு, பையில் நிரப்பினோம். பை அசையவில்லை. கேள்வி கேட்ட மாணவி இதைத் தன் கையாலேயே இரண்டு முறை செய்து பார்த்தபின்தான் ஒத்துக்கொண்டாள்.

பிறகு கணக்கு. காற்றுக்கு எடை உண்டு என்று பாடத்தில் படிக்கிறார்கள், ஆனால் எவ்வளவு என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 23 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1 கிலோ 190 கிராம். 70 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் 1 கிலோ 30 கிராம்தான். சூடானதும் காற்று விரிகிறது. பலூனின் வாய் திறந்திருப்பதால் இடம் போதாத காற்று கீழே வழிந்து வெளியேறுகிறது. வெளியேறிய காற்றின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் தூக்கும் விசை. கிணற்றுக்குள் குடத்தை அமுக்கினால் தண்ணீர் அதை மேலே தள்ளுவதும் இதே கணக்குதான்.

ஆகஸ்டில் அதே அளவில் செய்த இன்னொரு பலூன் எரியாமல் மிஞ்சியிருந்தது. கடைத்தெரு நகைக் கடைத் தராசில் அதை எடை போட்டோம். பஞ்சும் கம்பியும் குஞ்சமும் சேர்த்து 140 கிராம். 90 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டையின் கொள்ளளவு 0.38 கன மீட்டர். வெளியே 32 டிகிரி வெயில். அதில் 140 கிராம் எழும்ப வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று முழுதும் 170 டிகிரியைத் தாண்ட வேண்டும். காகிதம் தீப்பிடிப்பது 230 டிகிரி வாக்கில். சராசரியே 170 என்றால் தீக்கு நேர் மேலே இருக்கும் பகுதி என்ன சூடாக இருந்திருக்கும் என்று ஒரு பையன் கேட்டான். வகுப்பு அமைதியாகிவிட்டது. காற்றே வீசாத நாளிலும் அந்த பலூன் பறப்பதைவிட எரிவதற்கே அதிக வாய்ப்பு இருந்தது.

பெரிதாக்கினால் கனமாகிவிடாதா என்பது அடுத்த சந்தேகம். குறுக்களவை இரண்டு மடங்காக்கினால் பேப்பர் நான்கு மடங்கு ஆகிறது, உள்ளே அடங்கும் காற்றோ எட்டு மடங்கு. இந்த ஒரு வரியை நான் சொல்லித் தரவில்லை. கனசதுரப் பெட்டிகள் வரைந்து அவர்களே கண்டுபிடித்தார்கள். இரண்டு மீட்டர் பலூனுக்கு 4.2 கன மீட்டர் கொள்ளளவு. அதற்குள் சும்மா இருக்கும் காற்றின் எடை மட்டும் 5 கிலோ. ஒரு பேப்பர் பைக்குள் ஐந்து கிலோவா என்று நம்பாமல் மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். 70 டிகிரிக்குச் சூடாக்கினால் 4 கிலோ 300 கிராம் ஆகும். மிச்சம் 700 கிராம் தூக்கல்.

ஆள் ஏறும் பலூனிலும் இதே கணக்குதான், அளவு மட்டும் பெரிது. 2,800 கன மீட்டர் உறைக்குள் காற்று 100 டிகிரிக்கு ஏறி, வெளியே 20 டிகிரி இருந்தால், தூக்கல் 700 கிலோவைத் தாண்டும். அதில் நைலான் உறை, பிரம்புக் கூடை, புரொப்பேன் சிலிண்டர்கள் போக மீதிதான் ஆட்கள். அங்கே தீ மேலே போகிறதே என்று மாணவர்கள் கேட்டது சரியான கேள்வி. அங்கே பர்னரைத் திறந்து மூட ஒரு பைலட் கூடவே நிற்கிறார். வாயைச் சுற்றி எளிதில் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணி. வாயின் அகலமே பல மீட்டர். உச்சியில் கயிற்றை இழுத்தால் திறக்கும் மூடி. எங்கள் பேப்பருக்கு இவை எதுவும் கிடையாது.

எடுத்த முடிவுகள்

டிசம்பரில் தலைமையாசிரியை, பெற்றோர் இருவர், படப்புக்காரப் பெரியவர், நான் என ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம்.

தீ தரையை விட்டு எழும்பாது என்பது முதல் முடிவு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அடுப்பாக்கி, அதில் சிரட்டைக்கரி போட்டு, ஐந்தடி உயரத் தகரக் குழாய் வழியாகச் சூட்டை மட்டும் பலூனுக்குள் அனுப்புவது. பொறி ஏறாதபடி குழாயின் உச்சியில் கம்பி வலை. கரியிலிருந்து வரும் நச்சுப் புகை கண்ணுக்குத் தெரியாது, அதனால் திறந்த வெளியில் மட்டும், யாரும் குழாய்ப் பக்கம் குனியாமல்.

நூல் இல்லாமல் விடுவதில்லை என்பதும் அப்போதே உறுதியானது. கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின் சோதனை வளாகமும் இருக்கும் வட்டாரம் இது. யாரிடமும் சொல்லாமல் எதையும் வானத்தில் அவிழ்த்துவிடுவது முறையல்ல. அதோடு காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகும் உயரழுத்தக் கம்பிகள் ஊருக்கு நாலு பக்கமும் ஓடுகின்றன. கம்பியிலிருந்து 300 மீட்டருக்குக் குறையாத இடம் தேடி, ஊருக்குக் கிழக்கே பெரியவரின் தரிசு நிலத்தைத் தேர்ந்தோம். அவரே முன்வந்து கொடுத்தார்.

நேரத்தைப் பற்றித்தான் வாக்குவாதம் நீண்டது. ஜனவரி 26 காலை கொடியேற்றியதும் விடலாம் என்று ஒரு பெற்றோர் விரும்பினார். நான் மறுத்தேன். ஆகஸ்டில் எங்கள் தவறுகளுக்கெல்லாம் மூலமே இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். பலூன் எப்போது பறக்க வேண்டும் என்பதை மேடை முடிவு செய்திருந்தது. உலகம் முழுக்க பலூன் பைலட்டுகள் விடியலிலும் சூரியன் சாயும் நேரத்திலும்தான் பறக்கிறார்கள். வெயில் ஏறினால் தரை சூடாகி, அங்கங்கே காற்று மேலெழும்பிச் சுழலும். மண்ணைச் சுருட்டிக்கொண்டு வந்த அந்தச் சுழல்காற்றும் அப்படிப் பிறந்ததுதான்.

காற்று தணிந்திருக்கிறது என்று எப்படி அறிவது? கருவி வாங்கப் பணமில்லை. மாணவர்களே வழி சொன்னார்கள்: காற்றாலையைப் பார்த்தால் போதும். நொடிக்கு 3 மீட்டர் அளவுக்குக் காற்று இருந்தால்தான் பொதுவாக இறக்கை மின்சாரம் எடுக்கும்படி சுற்றத் தொடங்கும். கண்ணுக்குத் தெரிகிற எல்லா இறக்கைகளும் நின்றிருந்தால் மட்டுமே அடுப்பு மூட்டுவது என்று எழுதி வைத்தோம்.

செய்முறை

பட்டம் செய்யும் மெல்லிய பேப்பரையே வாங்கினோம். ஆரஞ்சுச் சுளை வடிவில் வெட்டிய நீளத் துண்டுகள், பதினான்கு சுளைகள். ஒவ்வொரு சுளையும் நடுவில் 45 செ.மீ. அகலம், அதோடு ஒட்டுவதற்கு ஒன்றரை செ.மீ. அட்டையில் ஒரு சுளையை வரைந்து வெட்டி, அதை வைத்தே மற்றவற்றை வெட்டினார்கள். பசையைத் தண்ணியாகக் கரைத்து, விரலால் இழுத்துத் தடவினால் எடை குறைகிறது. ஆகஸ்டில் பசையே கணிசமான எடை. ஒட்டி முடித்து, உள்ளே பல்பு வைத்து இருட்டில் பார்த்து ஓட்டைகளை அடைத்தார்கள். வாய் வளையத்தோடு மொத்தம் 310 கிராம். வெளியே 23 டிகிரி என்றால் உள்ளே 43 டிகிரி ஆனதுமே எடையும் தூக்கலும் சமமாகிவிடும். 170 எங்கே, 43 எங்கே!

ஒட்டும் வேலையைப் பெண்பிள்ளைகளிடமும் அடுப்பு வேலையைப் பையன்களிடமும் நான் யோசிக்காமலே பிரித்திருந்தேன். ஒரு மாணவி நேரடியாகக் கேட்டதும் மாற்றினேன்.

முதல் சனிக்கிழமை

காலை ஆறு மணிக்கு இருபத்தாறு மாணவர்களும் பத்துப் பெற்றோரும் வந்துவிட்டார்கள். பனி இருந்தது. தரையில் இலை அசையவில்லை. ஆனால் தெற்கே நான்கு காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன, வாடைக்காற்று மேலே ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் காத்திருந்தோம். நிற்கவில்லை. திரும்பிவிடலாம் என்றேன்.

பிள்ளைகளின் முகம் வாடியது. இவ்வளவு தூரம் வந்தாச்சு, கீழே காற்றே இல்லையே, ஒரு தடவை பார்ப்போமே என்று பெற்றோர்களும் சொன்னார்கள். விட்டிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆனால் எழுதி வைத்த விதியை முதல் நாளே நாங்கள் மீறினால் அந்த விதி பிறகு ஒருநாளும் நிற்காது. பெரியவர் எனக்காகப் பேசினார். எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். இந்த ஆறு மாதத்தில் எனக்கு மிகக் கடினமான காலை அதுதான்.

இரண்டாம் சனிக்கிழமை

6.30 மணி. ஒரு இறக்கைகூடச் சுற்றவில்லை. டீக்கடை அடுப்புப் புகை நேராக எழும்பி, பனை உயரத்தில் மட்டும் கிழக்கே லேசாக வளைந்தது. இரவில் மலையில் குளிர்ந்த காற்று சமவெளிக்கு வழிந்துவரும் திசை அது. வெப்பமானி 23 டிகிரி காட்டியது.

நான்கு வாளித் தண்ணீர், ஈரச்சாக்குகள் தயார். பலூனின் உச்சி வளையத்தை முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியால் ஒருவர் தூக்கிப் பிடித்தார். வாய் குழாயின் மேல் இறங்கியது. கசங்கிக் கிடந்த பேப்பர் ஒவ்வொரு சுளையாக விரிந்தது. இரண்டரை நிமிடத்தில் பலூன் தொரட்டியை விட்டுத் தானாக நின்றது. பிடித்திருந்த மாணவி “இழுக்குது சார், இழுக்குது” என்றாள். விடச் சொன்னேன்.

30 மீட்டர் நூல் முழுதும் ஓடியது. நூலின் சாய்வைக் கோணமானியில் பார்த்தபோது 53 டிகிரி, அதாவது உயரம் 24 மீட்டர். டீக்கடைப் புகை வளைந்த அதே உயரத்தில் பலூனும் கிழக்கே சாய்ந்தது. பலூனைத் திருப்ப எந்த வழியும் இல்லை, எந்த உயரத்தில் எந்தக் காற்று ஓடுகிறதோ அதைத் தேடி ஏறி இறங்குவதுதான் பைலட்டின் வேலை என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அதைக் கண்ணால் பார்த்தார்கள். 1 நிமிடம் 50 நொடியில், காற்று ஆற ஆற, மெதுவாகத் தரைக்கு வந்தது.

இரண்டாவது முறை கரியை விசிறிச் சூடேற்றினோம். 2 நிமிடம் 20 நொடி நின்றது. மூன்றாவது முறை 7.20 ஆகிவிட்டது. வெயில் ஏறியிருந்தது. பாதி உயரத்தில் பலூனின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கி, ஒரு ஒட்டு பிரிந்தது. இறக்கி நிறுத்தினோம். அடுப்பில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கிளறிப் பார்த்துவிட்டே கிளம்பினோம்.

ஒரு காயம் பதிவாக வேண்டும். மூன்றாவது முறை வாயைச் சரிசெய்த மாணவி சூடான குழாயில் விரல் பட்டுக் கொப்புளமானது. உடனே குளிர்ந்த நீரில் நெடுநேரம் வைத்தோம். அவள் தாயாரிடம் அன்றே போய்ச் சொன்னேன். நான்கு நாளில் ஆறியது. தீயைக் கீழே வைத்ததோடு பாதுகாப்பு முடிந்துவிட்டது என்று நான் நினைத்ததால் நேர்ந்தது அது.

மாற்ற வேண்டியவை

குழாய்க்கு வெளியே இன்னொரு அகலமான தகரச் சட்டை வேண்டும். வள்ளியூர் வெல்டிங் பட்டறை ஒன்றில் செய்யச் சொல்லியிருக்கிறோம். வாயைப் பிடிப்பவருக்குத் தடித்த தோல் கையுறை. ஏழு மணிக்கு மேல் அடுப்பு மூட்டுவதில்லை.

உள்ளே உண்மையில் எத்தனை டிகிரி என்பதை நாங்கள் அளக்கவில்லை. 70 என்பது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். பலூன் இறங்கத் தொடங்கும் கணத்தில் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, நீளமான வயரோடு ஒரு மின்னணு வெப்பமானியைக் கட்டி அனுப்ப வேண்டும். வயரின் எடை எவ்வளவு, அதைச் சுமக்க பலூன் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்ற கணக்கை இப்போது பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட மாணவி ஒருத்தி போட்டு வைத்திருக்கிறாள். 2 மீட்டர் 40 செ.மீ. என்று வந்திருக்கிறது. பேப்பர் வாங்கியாகிவிட்டது. தை பிறக்கக் காத்திருக்கிறோம்.